மன்னாருக்கு ஒரு லைன்

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குப் பேனாட் கோட்டும் சூட்டுமாக மேசைக்கு அடியில் கிடந்தார். பதினொரு மணிக்குக் கோயிலில் அவருடைய மருமகள், அக்காவின் மகள் லவினியாவுக்குக் கல்யாணம். தகப்பனுடைய இடத்தில் நின்று அவளைக் கையில் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டியவரே இவர்தான். அந்த மனிசன் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் பங்கு மண்டபத்தின் தரையில் முழங்காலை ஊன்றி, சின்ன ரோர்ச் லைற் ஒன்றை வாயில் கடித்துக்கொண்டு, ஒரு வயரைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்திக்கொண்டிருந்தார்.

மேலே மேசையில் லப்டொப். எதிரே சுவரை அடைத்துக்கொண்டு வெள்ளைத் திரை.

"வந்திட்டுதோ?" என்று கேட்டார், ரோர்ச்சைத் துப்பிவிட்டு.

"இல்லை. வட்டம்தான் சுத்துது," என்றாள் அவருடைய மனைவி பிறேமா.

"இப்ப?"

"இப்ப வட்டமும் இல்லை."

பேனாட் எழும்பும்போது தலை மேசையில் இடித்தது. அவர் சொன்ன சொல்லைப் பங்கு மண்டபத்தில் சொல்லக்கூடாது.

அந்தத் திரையில் வர வேண்டியவர் இன்னாசித்தம்பி, லவினியாவின் தகப்பன். இலங்கையில், மன்னாரில் இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட ஆள். கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் படுத்து இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். விமானம் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று மனைவி அன்ரனிற்றாவும் நின்றுகொண்டாள். அன்ரனிற்றா பேனாட்டின் மூத்த சகோதரி, வீட்டில் பெரியக்கா.

கோயிலுக்குப் புறப்படுமுன் கல்யாணப் பொம்பிளை தாய் தகப்பன் முன்னால் முழங்காலில் இருப்பாள்; தகப்பன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார். அது நடக்காமல் படி இறங்குவது நம்முடைய ஆட்களிடம் இல்லை. பங்குனி மாதம் இதைப் பேசப்போய்த்தான் மச்சான்மார் இருவருக்கும் கொழுவல், வாய்ச்சண்டை வந்தது.

"வயரில வாற அப்பன் என்ரை பிள்ளைக்கு வேண்டாம்," என்றார் இன்னாசித்தம்பி ரெலிபோனில். "நான் சுகமாகிற வரைக்கும் கலியாணத்தைத் தள்ளிப் போடுங்கோ."

"அத்தான், நீங்கள் சுகமாகிறதும் நான் பாப்பரசர் ஆகிறதும் ஒண்டுதான்," என்று பேனாட் சொல்லிவிட்டார். அவருக்குக் கதைக்கத் தெரியாது. வாயில் வந்ததைச் சொல்லுவார். பிறகுதான் பேனாட்டுக்கு நாக்கைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. "நான் லைன் போட்டுத் தாறன். முன்வரிசையில இருக்கிற மாதிரி இருக்கும். ஆள் உயரத்துக்குத் திரை. நூற்றைம்பது சனமும் உங்களைப் பாக்கும். என்னை நம்புங்கோ."

நம்பினார். அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பேனாட் மன்னாரில் எட்டாம் வகுப்போடு நின்றவர். பத்தொன்பது வயதில் ஜெர்மனிக்கு வந்து, அகதி முகாமில் இரண்டு வருசம், ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி நாலு வருசம், அதற்குப் பிறகு வீதி கிண்டுகிற கொம்பனி ஒன்றில். இன்று ஐம்பத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருசமாகத் தெருவைத் திறந்து வயர் தாட்டு மூடுகிறார். முதலில் செம்பு வயர், இப்போது கிளாஸ்ஃபாசர் என்கிற கண்ணாடி நார். காரில் போகும்போது பிறேமாவிடம், "இந்தத் தெரு நான் தாட்டது. அந்த ஒழுங்கையில எனக்குக் கால் விரல் போகப் பாத்தது," என்று சொல்லிக்கொண்டே வருவார். தொழில் படித்த பத்திரம் ஒன்றும் கையில் இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் தமிழர் வீட்டில் இன்ரநெற் நின்றால் ஜெர்மன் கொம்பனிக்கு முதல் இவருக்குத்தான் போன் அடிப்பார்கள். பேர் 'வயர் பேனாட்'. திருத்திக் கொடுத்தால் நன்றி சொல்லுவார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு நம் சனத்தைத் தெரியாது. ஒரு கோப்பை தேத்தண்ணீர் தந்துவிட்டு, "போன முறை நீங்கள் தொட்ட பிறகுதான் இது இப்பிடி," என்பார்கள்.

பங்கு மண்டபத்துக்குக் கண்ணாடி நார் வந்தது மூன்று கிழமைக்கு முன். பேனாட்டே இரண்டு பின்னேரம் முழங்காலில் நின்று எல்லாம் மாற்றினார். பழைய றூட்டரைக் கழற்றிப் புதியது. வயர்களைப் பிரித்துக் கொடுக்கிற பழைய சுவிச் பெட்டியைக் கழற்றி எட்டுத் துவாரமுள்ள புதுப் பெட்டி. ஒவ்வொரு வயரிலும் துண்டு பிளாஸ்ரர் ஒட்டி, அது எங்கே போகிறது என்று பேனையால் எழுதினார். பழைய றூட்டரையும் சுவிச்சையும் மேடைக்குக் கீழே கிடந்த காட்போட் பெட்டிக்குள் போட்டார், குப்பைக்குக் கொண்டுபோக. வைஃபைக்குப் புதுப் பாஸ்வேர்ட் வைத்தார், இருபது எழுத்து. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

"எங்களுக்கும் தாருமன், தம்பி," என்று கமலநாயகி அக்கா கேட்டாள். மண்டபத்துச் சமையலுக்கெல்லாம் தலைவி அவள்தான். குசினியில் அவள் சொல்வதுதான் சட்டம்.

"என்னத்துக்கு? நீங்கள் சமைக்க வந்தனீங்களோ, படம் பாக்க வந்தனீங்களோ? ஆளாளுக்குப் போனை நோண்டினால் என்ரை படம் விக்கி விக்கி வரும். கலியாணம் முடியட்டும்."

"பெரிய பாஸ்வேர்ட்டும் இவரும்," என்று கமலநாயகி அக்கா அகப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பார்த்தபோது எல்லாம் பளிங்கு போல இருந்தது. இன்னாசித்தம்பியின் முகம் நாலு மீற்றர் அகலத்துக்கு வந்தது. சவரம் செய்யாத தாடையில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. "என்னடா, என்ரை மூக்கு இவ்வளவு பெரிசோ?" என்று அந்த மனிசன் சிரித்தது கூடக் கேட்டது. பேனாட் வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்தார்.

இப்போது காலை பத்து மணி. ஒன்றும் வரவில்லை. வந்தாலும் நாலு செக்கனில் போனது.

வயரை மூன்று முறை மாற்றினார். றூட்டரை ஐந்து முறை நிற்பாட்டிப் போட்டார். ஒருமுறை வந்தது. பிறேமா கைதட்டிய கையோடு போனது. சுவிச் பெட்டியைத் திட்டினார். லப்டொப்பைத் திட்டினார். கொம்பனியின் அவசர இலக்கத்துக்கு அடித்தார். பதினொரு நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்து, இங்கே பார்த்தால் உங்கள் லைன் நன்றாக இருக்கிறது, ஆள் அனுப்புவதென்றால் செவ்வாய்க்கிழமைக்கு டெர்மின், அதுதான் நேரம், குறித்துத் தரலாம் என்றாள்.

"செவ்வாய்க்கிழமைக்குள்ளை லவினியாவுக்கும் மாப்பிள்ளைக்கும் முதல் சண்டையே வந்திடும்," என்றார் பேனாட் தமிழில், போனை வைத்துவிட்டு.

அடுத்த அறையில் லவினியா வெள்ளை உடுப்போடு இருந்தாள். கதவைக் கொஞ்சம் திறந்து, "மாமா, அப்பா வந்திட்டாரோ?" என்று கேட்டாள்.

"வாறார் பிள்ளை. நீ முகத்தை அழிக்காதை."

"அப்பா சிலுவை போடாமல் நான் இறங்கமாட்டன் மாமா. சொல்லிப்போட்டன்."

"ஓம் ஓம். கதவைச் சாத்து."

பிறேமா கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "இஞ்சரும், வெளியில கூட்டிக்கொண்டு போய்ப் போனில எடுத்துக் குடுப்பமே? உள்ளுக்கை சிக்னல் இல்லைத்தானே."

மண்டபம் பாதி நிலத்துக்குள் இருக்கிறது. போனில் ஒரு கோடு வந்தால் அதிசயம். வெளியிலோ விடியற்காலை தொட்டு மழை.

"மழைக்கை குடையைப் பிடிச்சுக்கொண்டு, வாசலில நிண்டு பிச்சை வாங்கிற மாதிரி ஆசீர்வாதம் வாங்கிறதோ? நான் அந்த மனிசனுக்குத் திரை எண்டு சொன்னனான்."

"அப்ப பதினொரு மணிக்குப் பாதரிட்டையும் திரை எண்டு சொல்லும்."

அதில்தான் சிக்கல். ஜெர்மன் பாதர் பன்னிரண்டரைக்குப் போலந்துக்காரருக்குப் பூசை வைத்திருக்கிறார். பதினொன்று என்றால் பதினொன்று. கோயிலுக்குள் கமராவும் விடமாட்டார். ஆகவே இன்னாசித்தம்பி காணப்போவது மண்டபத்தில் நடப்பதை மட்டும்தான்: முதலில் சிலுவை, பிறகு விருந்து.

பத்தேகாலுக்கு ஒரு இளந்தாரி குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தான். மாப்பிள்ளை ஜெனிஸ்டனோடு வேலை செய்கிறவன். டார்ம்ஸ்டாட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவன். பேர் பாரத், ஊர் மதுரைப் பக்கம்.

"அங்கிள், நான் நெட்வொர்க் சைடுதான். ஏதாச்சும் ஹெல்ப் வேணுமா?"

"என்னை அங்கிள் எண்டு கூப்பிடாதை தம்பி. எனக்கு ஏற்கனவே விசர் பிடிச்சிருக்கு."

"சாரி அண்ணா. ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

பேனாட் அவனைப் பார்த்த பார்வையில் பாரத் அரை அடி பின்னால் போனான். ஆனாலும் விட்டுவிட்டுப் போகவில்லை. லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி எதையோ தட்டினான். ஏதோ இலக்கங்கள் வரிசையாக வந்தன. உதட்டைச் சுழித்தான்.

"அண்ணா, உங்க புது ரவுட்டரோட நம்பர் எதுல முடியும்?"

"ஒண்டில."

"இந்த லேப்டாப் இருநூத்தி அம்பத்தி நாலுகிட்டப் போயி வழி கேக்குது. வேற ஒரு ரவுட்டர் இருக்கா?"

"இல்லை. ஒண்டுதான். நான் கையாலை கொழுவினது."

"ரெண்டு இருக்குண்ணா. ஒரு ஜங்ஷன்ல ரெண்டு பேர் நின்னு வழி சொல்ற மாதிரி. ஒருத்தன் கரெக்டா ஸ்டேஷனுக்கு அனுப்புறான். இன்னொருத்தன் சுவத்துல கொண்டுபோய் முட்ட விடுறான். யார் முதல்ல வாயத் தொறக்குறானோ, லேப்டாப் அவன் பேச்சக் கேக்கும். நீங்க ஒவ்வொரு தடவ ரீஸ்டார்ட் பண்றப்பவும் திருப்பித் திருப்பிச் சீட்டுக் குலுக்குறீங்க."

"படிச்ச கதை கதையாதை. இரண்டாவது பெட்டி இஞ்சை இல்லை."

"அப்ப இந்த நம்பர் யாரு அண்ணா, ஆவியா?"

வேலைத்தலத்தில் லைன் செத்தால் பேனாட் சோதனை மீற்றரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் அல்ல. ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரைக்கும் நடப்பார். எந்த இடத்தில் மண் புதிதாகக் கிண்டியிருக்கிறதோ அந்த இடத்தில் நிற்பார். இவ்வளவு நேரமும் அதைச் செய்யாமல் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்ததை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. மேடைக்குப் பக்கத்திலிருந்த அலுமாரியைத் திறந்து சுவிச் பெட்டியின் முன்னால் நின்றார். விளக்குகளை விரல் வைத்து எண்ணினார். அவர் கணக்குக்கு ஐந்து எரிய வேண்டும்.

ஆறு எரிந்தது.

ஆறாவது வயரில் அவரே ஒட்டிய பிளாஸ்ரர். அவருடைய கோழிக்கால் எழுத்து: குசினி.

அந்த லைனை எப்போதோ குசினி ரெலிபோனுக்காக இழுத்தது. ஐந்தாறு வருசமாக அதில் ஒன்றும் இல்லை. பேனாட் குனிந்து மேடைக்குக் கீழே கையை விட்டார். காட்போட் பெட்டி இருந்தது. உள்ளே பழைய சுவிச் இருந்தது. றூட்டர் இல்லை.

"கமலநாயகி அக்கா!" என்று கத்திக்கொண்டு குசினிக்குப் போனார். நேரம் பத்து முப்பத்தெட்டு.

குசினி எண்ணெய்ப் புகைக்குள் கிடந்தது. நாலு பெண்கள் பற்றிஸ் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வெங்காய மூட்டைக்குப் பின்னால், சுவர்ச் சொக்கற்றில் வயரும் மின்சாரமும் கொழுவப்பட்டு, அவருடைய பழைய றூட்டர் பச்சையும் சிவப்புமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஈரம் படாமலிருக்க அதன் மேல் ஒரு பொலித்தீன் பை வேறு.

"இதை ஆர் இதுக்குள்ளை கொழுவினது?"

"நான்தான்," என்றாள் கமலநாயகி அக்கா, திரும்பாமல். "வேலை செய்யிற சாமானை எறியிறதே? இதின்ரை பாஸ்வேர்ட் எங்கள் எல்லாரின்ரை போனிலையும் கிடக்கு. காலமை ஆறு மணிக்குக் கொழுவினன். எனக்கு நல்லா வருது. உவள் கலாதேவிக்குத்தான் வரேல்லை, அவளின்ரை போன் பழசு."

"உங்களுக்கு வந்தால் எனக்கு வராது! இரண்டு பெட்டி ஒரு வயரில கிடந்து அடிபடுது. ஒரு மணித்தியாலமா நான் நாய் மாதிரி நிலத்தில கிடக்கிறன்!"

"எனக்கென்ன தெரியும்? பாஸ்வேர்ட் கேட்டன். நீர் தந்தனீரே?"

பேனாட் வெங்காய மூட்டையை இழுத்து எறிந்துவிட்டு வயரில் கையை வைத்தார்.

"தொட்டீர் எண்டால் அகப்பையாலை போடுவன்!" என்று கமலநாயகி அக்கா பாய்ந்து வந்தாள். "கதைச்சுக்கொண்டிருக்கிறம் எல்லே!"

அப்போதுதான் பேனாட் அதைக் கண்டார். உப்புத் தகரப்பேணியில் சாய்த்து வைத்திருந்த கமலநாயகி அக்காவின் போன். அதற்குள் ஒரு முகம்.

"என்னடா அங்கை சத்தம்?" என்றது முகம். "பற்றிஸைக் கறுக்க விடாதையுங்கோ கமலநாயகி, பொன்னிறமா எடுங்கோ."

"பெரியக்கா?"

"ஆர், பேனாட்டே? இதென்ன கோலமடா, கோட்டெல்லாம் தூசு. நான் உங்கடை ஏழு மணியிலை இருந்து இவையோடை நிண்டு சமைக்கிறன். என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு நான் நிக்காமல் விடுறதே?"

"நீங்கள் ஏழு மணியிலை இருந்து இதுக்குள்ளையோ?"

"ஓமடா. அத்தான் அங்காலை வெள்ளைச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு மற்றப் போனுக்கு முன்னாலை இருக்கிறார். பேனாட்டின்ரை லைன் வரும், பேனாட்டின்ரை லைன் வரும் எண்டு. தண்ணி குடிக்கக் கூட எழும்புறார் இல்லை."

பேனாட்டின் கை வயரிலேயே இருந்தது. பிடுங்கினால் இது போகும். அது வர ஒரு நிமிடமோ, பத்து நிமிடமோ, வராமலே விடுமோ, காலையிலிருந்து பார்த்தவருக்கு இனி எதையும் நம்ப முடியவில்லை. மேலே கோயில் வாசலில் சனம் சேர்ந்துவிட்டது. பத்து நாற்பத்திரண்டு. மன்னார் ஏற்கனவே வந்திருந்தது, அவருக்குத் தெரியாமல், உப்புப் பேணியில் சாய்ந்துகொண்டு.

அவர் கையை எடுத்தார்.

"பிறேமா! லவினியாவை இஞ்சை கூட்டிக்கொண்டு வா!"

"குசினிக்கோ? வெள்ளை உடுப்போடையோ?"

"குசினிக்குத்தான்! கெதியா!"

கமலநாயகி அக்கா அடுப்பை நிற்பாட்டினாள். மேசைக்கு விரிக்க வைத்திருந்த புதுத் துணியில் ஒன்றை எடுத்து, எண்ணெய் தெறித்த தரையில் இரண்டாக மடித்துப் போட்டாள். போனைத் துடைத்து, உப்புப் பேணியோடு ஒரு மாப்பெட்டியின் மேல் தூக்கி வைத்தாள்.

லவினியா உடுப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்று, "அம்மா," என்றாள்.

"அத்தானைக் கூப்பிடுங்கோ பெரியக்கா, கெதியா," என்றார் பேனாட். அவர் வயருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, ஒருவரும் தட்டுப்படாமல் அதை இரண்டு கையாலும் அணைத்தபடி இருந்தார். ஒரு மணித்தியாலமாகத் திட்டிய வயரை இப்போது குழந்தைப் பிள்ளை போலக் காவல் காத்தார்.

இன்னாசித்தம்பி வந்தார். கையளவு கண்ணாடிக்குள், பாதி முகம்தான் தெரிந்தது. லவினியா முழங்காலில் இருந்தாள். எண்ணெய் மட்டும் சட்டிக்குள் அடங்காமல் சின்னச் சத்தம் போட்டது.

"கிட்ட வா மகள்."

அவள் நெற்றியைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அந்தப் பக்கம் இன்னாசித்தம்பி பெருவிரலை நீட்டினார். விரல் வரவரப் பெரிதாகி, ஊசி குத்திக் குத்திக் கறுத்த அந்தக் கை முழுத் திரையையும் மூடிவிட்டது. மேலிருந்து கீழே ஒரு தரம், இடமிருந்து வலம் ஒரு தரம் இருட்டு அசைந்தது. கண்ணாடியில் விரல் உரசுகிற சத்தம் கேட்டது. "கர்த்தர் உன்னைக் காப்பாராக," என்றது குரல்.

"காணும், எழும்பு," என்றார் பேனாட். "உடுப்பில எண்ணெய் பிரளப்போகுது. போ. நான் பின்னாலை வாறன்."

பெண்கள் லவினியாவைத் தூக்கி நிறுத்தி மேலே கூட்டிக்கொண்டு போனார்கள். மண்டபம் ஒரு நிமிடத்தில் காலியானது. கமலநாயகி அக்கா மட்டும் சட்டிக்குக் காவலாக நின்றாள்.

"இப்ப பிடுங்கலாமோ?" என்று கேட்டார் பேனாட்.

"பிடுங்கும்."

பிடுங்கினார். பழைய றூட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போய், லப்டொப்பின் வயரை ஒருதரம் கழற்றிக் குத்தினார். அறுபது வரைக்கும் எண்ண நினைத்தார். இருபது வரைக்கும் எண்ணவில்லை, மன்னார் அழைத்தது. நாலு மீற்றர் அகலத்துக்கு இன்னாசித்தம்பி வந்தார். வெள்ளைச் சேர்ட், சவரம் செய்த தாடை, சிவந்த கண். ஒரு சொட்டு விக்கல் இல்லை.

"பேனாட்! இப்ப நல்லாத் தெரியுதடா! பூ, கதிரை, மேடை, எல்லாம் தெரியுது." முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். "ஆனால் ஒரு சனத்தையும் காணேல்லை."

"இப்ப தெரிஞ்சு என்ன செய்ய!" பேனாட் றூட்டரை மேசையில் அடித்து வைத்தார். "நூற்றைம்பது சனம் எண்டு சொன்னன். ஆள் உயரத்துக்குத் திரை எண்டு சொன்னன். கடைசியில வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில, உப்புப் பேணியில சாய்ச்சு வைச்சு..."

"சிலுவை போட்டனான் எல்லே."

"போட்டீங்கள்."

"பிறகென்ன? கோயிலுக்குப் போ. பிள்ளை வாசலில உனக்காக நிப்பாள்."

"போறன் அத்தான். இதை நிப்பாட்டிப்போட்டு..."

"நிப்பாட்டாதை," என்றார் இன்னாசித்தம்பி. "நான் இப்பிடியே இருக்கிறன், அவையள் திரும்பி வருமட்டும். இண்டைக்கு எனக்கு ஆஸ்பத்திரி இல்லை."

பேனாட் லப்டொப்பை மெல்லத் தூக்கி, கமரா வாசற் கதவைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தார். ஒரு பூச்சாடி மறைத்தது, அதைத் தள்ளினார். வயரை இழுத்துப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. "கதவு தெரியுதோ?"

"தெரியுது. ஓடு."

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு படியில் காலை வைக்க, குசினியிலிருந்து சத்தம் வந்தது.

"பேனாட்! பாஸ்வேர்ட்!"

பல்லைக் கடித்துக்கொண்டு, படிக்கு ஒரு எழுத்தாக அதைக் கத்திக் கத்தி ஏறினார். படி முடிந்தபோது இன்னும் ஆறு எழுத்து மிச்சமிருந்தது. மழைக்குள் நின்று அதையும் கத்திவிட்டுக் கோயிலுக்கு ஓடினார். பின்னால், ஆளில்லாத மண்டபத்துக்குள், இன்னாசித்தம்பி தொண்டையைச் செருமுகிற சத்தம் மேல்வாசல் வரைக்கும் கேட்டது.